திரை, மேடை, ஆபரா இசையில் ஆய்வு செய்யப் போகிறீர்களா?

கோட்பாட்டுப் புத்தகங்களில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆராயப் போவது அந்தப் படைப்பின் எந்த வடிவத்தை? என் வைவாவில் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில்) நீண்ட நேரம் போனது இதில்தான், கோட்பாடு பற்றிக் கேட்டது கொஞ்சம்தான்.

'கார்மென்' ஆபராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் பாரிஸில் மேடையேறியபோது பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வசனம் இருந்தது. மூன்று மாதத்தில் அதன் இசையமைப்பாளர் பிஜே இறந்துவிட்டார். வியன்னா மேடைக்காக அவருடைய நண்பர் கீரோ அந்த வசனங்களுக்குப் பதிலாக ரெசிடேட்டிவ் (பேச்சுப் போலவே பாடும் பகுதி) எழுதிச் சேர்த்தார், பிறகு வெகுகாலம் உலகமெங்கும் பெரும்பாலும் பாடப்பட்டது அந்த வடிவம்தான். "இந்த இடத்தில் பிஜே என்ன செய்கிறார் என்றால்" என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதி, அந்த வரிகள் கீரோவுடையவை என்று தேர்வாளர் காட்டினால் அந்த அத்தியாயமே நிற்காது.

சினிமாவில் சிக்கல் வேறு மாதிரி. பழைய ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் ஸ்கோர்கள் (இசையை எழுதி வைத்த தாள்கள்) எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எம்ஜிஎம்மின் ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விட்டது. திரை இசையமைப்பாளர்களில் மாக்ஸ் ஸ்டெய்னரின் தாள்கள் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, பெர்னார்ட் ஹெர்மனுடையவை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில். அதனால் தலைப்பை முடிவு செய்யும் முன்பே காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். காதால் கேட்டுத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் டிவிடியைக் கவனியுங்கள்: நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓட்டும் பால் (PAL) என்ற வீடியோ முறை டிவிடிகளில் படம் 4 சதவீதம் வேகமாகப் போகும், சுருதியும் பல சமயம் ஏறத்தாழ அரை ஸ்வரம் உயர்ந்துவிடும். ஸ்வர அமைப்பு பற்றிய வாதம் இதிலேயே கவிழ்ந்துவிடலாம்.

சரி, கோட்பாடு. திரை ஒலி பற்றி எழுதிய மிஷேல் ஷியோன் சொல்லும் மறைப்பு முறையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரே காட்சியை ஒலி இல்லாமல், பிறகு படம் இல்லாமல், அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இசை எந்த நொடியில் நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் என் ஆய்வேட்டில் உருப்படியாக இருந்த எல்லாமே இந்தப் பட்டியல்களிலிருந்துதான் வந்தது.

கதைக்குள் ஒலிக்கும் இசை (பாத்திரங்களுக்கும் கேட்பது), வெளியே ஒலிக்கும் இசை (நமக்கு மட்டும் கேட்பது) என்ற பிரிவு திரை இசை ஆய்வாளர் கிளாடியா கோர்ப்மனின் 1987 நூலுக்குப் பிறகு எல்லோர் கையிலும் இருக்கிறது. முத்திரை குத்துவதோடு நின்றுவிடாதீர்கள்; வானொலியில் ஒலித்த பாட்டு மெல்ல முழு ஆர்க்கெஸ்ட்ராவாக விரிகிற அந்த இடைவெளியைத்தான் ராபின் ஸ்டில்வெல் 2007இல் எடுத்துப் பேசினார், எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் அது. ஆபராவில் இது இன்னும் சுவாரசியம். பாத்திரங்கள் சாதாரணமாகத் தாங்கள் பாடுவதைத் தாங்களே கேட்பதில்லை, ஆனால் கதைக்குள் ஒருவர் பாட்டுப் பாடினால் மட்டும் மற்றவர்கள் காதில் விழும். ஆபரா ஆய்வாளர் கரோலின் அபாட்டேயைப் படித்துவிட்டுத் திரைப்படத்துக்கு வந்தால் கோர்ப்மனே வேறு மாதிரித் தெரிவார்.

மேடையை வீடியோவில் மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அங்கே உங்கள் கண்ணை நடத்துவது கேமரா. முடிந்தால் அரங்கில் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ இயக்குநரின் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

இசைக்குறிப்பு மேற்கோள்களுக்கான பதிப்பாளர் அனுமதியை முதல் அத்தியாயம் எழுதும்போதே கேட்டு வையுங்கள். ஆய்வேடு புத்தகமாகும்போது அந்தக் கடிதங்கள் தேவைப்படும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.