குழவியை உலக்கையாக்கிய கதை: கிரைண்டர் ஸ்கிராப்பருக்கு பேட்டன்ட் வாங்கிய அனுபவம்

பேட்டன்ட் (காப்புரிமை) சான்றிதழ் மெயிலில் வந்து இன்றோடு ஒன்பது நாள். பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு, பட்டறைச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. ஆனாலும் ராத்திரி படுத்தால் சந்தோஷத்துக்கு முன்னால் அந்த 18,000 ரூபாயும், மழையில் நனைந்துகொண்டு கிண்டிக்குப் போன நாளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோவை ஆவாரம்பாளையத்தில் எனக்குச் சின்னப் பட்டறை. ஹோட்டல்களுக்கு டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்க்கக்கூடிய கிரைண்டர்) செய்கிறோம். அதில் டிரம்மின் சுவரோடு ஒட்டும் மாவைக் குழவிப் பக்கம் தள்ளிவிட ஒரு பட்டை இருக்கும், அதுதான் ஸ்கிராப்பர். அதைப் பாடியில் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்திவிடுவார்கள். பட்டை தேயத் தேய இடைவெளி விழும், மாவு சுவரில் அப்பிக்கொண்டு அரைபடாமலே நிற்கும். நெருக்கி வைத்தாலோ, ஆரம்பத்தில் அரிசி கெட்டியாக இருக்கும்போது இறுகி மோட்டார் திணறும். நான் செய்ததெல்லாம் பட்டையை ஒரு பின்னில் ஆடவிட்டு, ஸ்பிரிங் போட்டு, அந்த ஸ்பிரிங்கின் மறுமுனையைக் குழவி பிடித்திருக்கும் கையில் மாட்டியதுதான். அரிசி கெட்டியாக இருக்கும்போது குழவி மேலே ஏறி நிற்கும், ஸ்பிரிங் தளரும், பட்டை விட்டுக்கொடுக்கும். மாவு நைய நையக் குழவி இறங்கும், ஸ்பிரிங் இழுக்கும், பட்டை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சொன்னால் இவ்வளவுதான். இதற்கு ஐந்து வருடம்.

2019 செப்டம்பரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்தேன். அவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்தானா என்று கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏஜென்ட் ஆவதற்குத் தனியாகத் தேர்வு உண்டு, பதிவு எண் உண்டு, அந்தப் பட்டியலைக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. நான் பார்த்தது மூன்று வருடம் கழித்து. அதில் அவர் பெயர் இல்லை.

18,000 கேட்டார், கொடுத்தேன். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். மீதியெல்லாம் எழுதித் தருவதற்கான கூலி. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், எழுதுவதுதான் கஷ்டம். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் தகராறு. நான் தமிழில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் அடித்தார். ஐந்து பக்கம் வந்தது. கூடவே என் அக்கா மகன், பாலிடெக்னிக் படித்தவன், மூன்று படம் வரைந்து கொடுத்தான். படத்தாளில் மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., வலப்பக்கமும் கீழேயும் 3 செ.மீ. காலியாக விடவேண்டும் என்று விதி. அவன் முதலில் தாள் முழுக்க வரைந்துவிட்டான். திருப்பி வரையச் சொன்னபோது, "மூணாவது படம் வேண்டாமுங்க, ரெண்டே போதும்" என்றார் கன்சல்டன்ட். மருமகன் கேட்காமல் மூன்றையும் வரைந்து கொடுத்தான். அந்தப் பிடிவாதத்துக்கு அவனுக்கு நான் இன்னும் ஒரு பைக் பாக்கி.

2019 அக்டோபரில் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) ஃபைல் ஆயிற்று. எல்லாரும் ப்ரொவிஷனல் என்று சொல்வது இதைத்தான். தேதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கவேண்டும். எண் வந்தது. 2019-க்கு அப்புறம் வரும் 4 என்ற இலக்கம் சென்னை அலுவலகத்தைக் குறிக்கும். "நம்பர் வந்துருச்சுங்க, இனி யாரும் உங்களைத் தொட முடியாது" என்றார்.

நம்பினேன். நம்பி, 'பேட்டன்ட் பெற்றது' என்று தங்கநிறத்தில் 500 ஸ்டிக்கர் அடித்துவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று சொல்லிவிடுகிறேன். எண் என்பது விண்ணப்பத்தின் எண். அதை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்க முடியாது, வழக்குப் போட முடியாது. கிடைக்காத பேட்டன்ட்டைக் கிடைத்ததாகப் போட்டுக்கொள்வது சட்டப்படி அபராதத்துக்குரிய தப்பு. 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. நாற்பது மெஷினில் ஒட்டியிருந்தேன். ஹோட்டல் ஹோட்டலாகப் போய் மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுத்தது தனிக் கதை.

அடுத்த மடத்தனம் பொங்கல் சமயத்தில். டிரம்மைச் சாய்க்கும்போது பட்டை தானாகத் தூக்கிக்கொள்ள ஒரு லிங்க், அதாவது இணைப்புத் தண்டு, போட்டேன். ஸ்பிரிங்கைவிட அதுதான் பார்க்க அழகாக இருக்கும். ஆர்வக்கோளாறில் வீடியோ எடுத்து, ஹோட்டல்காரர்களும் கிரைண்டர் செய்பவர்களுமாக 180 பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. லிங்க் ப்ரொவிஷனலில் இல்லை. 2020 செப்டம்பரில் கொடுத்த முழு விவரக்குறிப்பில்தான் சேர்ந்தது. ஆக லிங்க்குக்குத் தேதி 2020 செப்டம்பர், அதை நானே ஊருக்குக் காட்டியது 2020 ஜனவரி. புதியது என்ற தகுதியை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டியது போன்ற சில விஷயங்களுக்கு 12 மாதச் சலுகை உண்டு. வாட்ஸ்அப்புக்குக் கிடையாது.

அப்புறம் காத்திருந்தேன். 18 மாதம் கழித்து, 2021-இல், விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானது. அந்த இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அதற்குமேல் சத்தமே இல்லை. கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டால் "எக்ஸாமினேஷன்ல இருக்குதுங்க" என்பார். கொஞ்ச நாளில் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். 2022 நவம்பரில் பொறுக்காமல் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, கொட்டுகிற மழையில் கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஃபைல்.

அங்கே ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் கோயம்புத்தூர்ல இருந்து வந்தீங்க? நம்பரைப் போட்டா உங்க போன்லயே தெரியுமே" என்று என் போனையே வாங்கி, தளத்தைத் திறந்து, எண்ணைப் போட்டுக் காட்டினார். பரிசோதனைக் கோரிக்கைக்காகக் காத்திருப்பதாக இருந்தது.

விண்ணப்பம் போட்டால் அவர்களாக எடுத்துப் பரிசோதிப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். இல்லை. படிவம் 18 கொடுத்து, தனிநபர் என்றால் 4,000 ரூபாய் கட்டி, 'என் விண்ணப்பத்தைப் பரிசோதியுங்கள்' என்று நாமாகக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அது அப்படியே கிடக்கும், கெடு தாண்டினால் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கெடு 48 மாதம், பதினொரு மாதம் மிச்சம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அது 31 மாதமாகக் குறைந்துவிட்டது. என்னைப்போல மூன்று வருடம் தூங்கினால் அவர்களுக்கு எழுப்ப ஆளிருக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தொடர்பு முகவரி, மெயில் எல்லாமே கன்சல்டன்ட்டுடையது. அலுவலகத்திலிருந்து என்ன வந்தாலும் அவருக்குத்தான் போகும். பரிசோதனை அறிக்கை வந்து, ஆறு மாதத்துக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். எனக்குத் தெரியாமலே என் விண்ணப்பம் செத்திருக்கும். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் சரி, விண்ணப்பமான படிவம் 1-இன் நகலை வாங்கி, உங்கள் மெயிலும் போன் எண்ணும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திரும்பி வந்ததும் பட்டியலைப் பார்த்து ஒரு பதிவு பெற்ற ஏஜென்ட்டைப் பிடித்தேன். கறாரான அம்மா. புது அதிகாரப் பத்திரம், முகவரி மாற்றம், படிவம் 18 எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. பெண் விண்ணப்பதாரராக இருந்திருந்தால் படிவம் 18ஏ போட்டு விரைவுப் பரிசோதனை கேட்டிருக்கலாம் என்றார். தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு என் பழைய ஃபைலைப் படித்தார். படித்துவிட்டு, "சார், உங்க கிரைண்டர்ல உலக்கை எங்க இருக்கு?" என்றார். புரியவில்லை. கன்சல்டன்ட் குழவி என்பதைப் பாதி இடத்தில் 'பெஸ்டில்' என்றும், மீதி இடத்தில் 'ரோலர் ஸ்டோன்' என்றும் எழுதியிருக்கிறார். பெஸ்டில் என்றால் இடிப்பது. நம் குழவி உருளுவது. படிக்கிறவருக்கு என் மெஷினில் உலக்கை ஒன்று, உருளை ஒன்று என இரண்டு சாமான் இருப்பதாகத்தான் தோன்றும்.

2023 ஜூலையில் பரிசோதனை அறிக்கை வந்தது. குழவிக் குழப்பம் அதில் ஒரு பத்தி. அது பரவாயில்லை. நெஞ்சில் குத்தியது, இது முன்பே இருக்கிறது என்று அவர்கள் காட்டிய இரண்டு ஆவணங்கள். முதல் ஆவணம், அசையாத பட்டை உள்ள ஒரு பழைய கிரைண்டர். இரண்டாவது, சுரங்கத்தில் ஓடும் கன்வேயர் பெல்ட்டில் ஒட்டிய மண்ணை ஸ்பிரிங் வைத்த பட்டையால் வழித்தெடுக்கும் ஏற்பாடு. இரண்டையும் சேர்த்தால் உன் மெஷின் வந்துவிடுகிறதே, இதில் புத்தாக்கம் எங்கே என்று கேள்வி. கூடவே சட்டத்தின் 3(எஃப்) பிரிவு: தெரிந்த சாமான்களை வெறுமனே அடுக்கி வைத்தது கண்டுபிடிப்பு ஆகாது.

நானும் முன்னாலேயே பழைய பேட்டன்ட்டுகளைத் தேடியிருந்தேன், இலவசத் தளத்தில்தான். 'கிரைண்டர்', 'மாவு' என்று தேடி ஒன்றும் இல்லையென்று குதித்தேன். பொருளின் பெயரைப் போட்டுத் தேடியது தப்பு, அது செய்யும் வேலையைப் போட்டுத் தேடியிருக்கவேண்டும். 'ஒட்டியதை வழிப்பது' என்று தேடியிருந்தால் அந்தச் சுரங்கம் முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

முதல் கோரலில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரி) நாங்கள் எழுதியிருந்தது வெறும் 'ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் பட்டை'. அது நிற்காது. லிங்க்கை வைத்து மீளலாமே என்றேன். "அதை வெளியில எங்கயாவது காட்டினீங்களா?" என்று ஏஜென்ட் கேட்டார். பொய் சொல்லாமல் வாட்ஸ்அப் கதையைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். இப்போது தப்பித்தாலும், கிடைத்த பிறகு ஒரு வருடத்துக்குள் சம்பந்தப்பட்ட எவனும் எதிர்ப்பு மனு போடலாம், அதற்கப்புறமும் ரத்து செய்யக் கேட்கலாம், அந்த 180 பேரில் ஒருவன் போதும் என்றார். லிங்க் போயிற்று.

மிச்சம் இருந்தது ஸ்பிரிங்கின் மறுமுனை. பெல்ட்டில் அது அசையாத சட்டத்தில் மாட்டியிருக்கும். என்னுடையதில் ஏறி இறங்கும் குழவிக் கையில். ஆனால் ப்ரொவிஷனலின் ஐந்து பக்க எழுத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏஜென்ட் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசித் தாளில் நின்றார். மூன்றாவது படம். வேண்டாம் என்று சொன்ன அதே படம். ஸ்பிரிங்கின் கொக்கி குழவிக் கையில் மாட்டியிருப்பதை என் மருமகன் பென்சில் முனைபோலத் துல்லியமாக வரைந்து, எண் 14 என்று போட்டிருந்தான். படமும் விவரக்குறிப்பின் பகுதிதான். 2019 தேதி உயிரோடு இருந்தது. அந்த அம்மா சிரித்ததை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

கோரலைச் சுருக்கி எழுதினோம். பட்டறையில் இரண்டு மெஷினை ஓட்டி, கழுவும் முன் டிரம் சுவரில் மிஞ்சிய மாவை வழித்து எடை போட்டோம். பழையதில் 410 கிராம், புதியதில் 90. பதிலோடு அதையும் வைத்தோம். 2024 மார்ச்சில் வீடியோ விசாரணை, இருபது நிமிடம். முழுக்க "குழவி ஏறும்போது பட்டைக்கு என்ன ஆகும்?" என்ற ஒரே இடத்தில்தான் நின்றது. எழுத்து வாதத்தைப் பதினைந்து நாளுக்குள் கொடுத்தோம். மே மாதம் கிடைத்துவிட்டது.

கிடைத்ததும் செலவு முடியவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து சேர்ந்துபோன புதுப்பிப்புக் கட்டணம், வருடத்துக்கு 800 வீதம் 2,400 ரூபாய், மூன்று மாதத்துக்குள் கட்டவேண்டும். அக்டோபருக்குள் அடுத்த 800. ஆயுள் 20 வருடம், அதுவும் 2019-இலிருந்து எண்ணி. கிட்டத்தட்ட ஐந்து ஏற்கெனவே கரைந்துவிட்டது.

பழைய ஸ்டிக்கரில் 460 மிச்சம் இருக்கிறது, இனி ஒட்டலாமே என்று ஆசையாக ஏஜென்ட்டிடம் கேட்டேன். பேட்டன்ட் என்ற வார்த்தை மட்டும் போதாது, எண்ணும் இருக்கவேண்டும், இல்லையென்றால் காப்பியடித்தவன் 'எனக்குத் தெரியாது' என்று நஷ்டஈட்டிலிருந்து நழுவிவிடுவான் என்றார். எண்ணோடு புதிதாக 200 மட்டும் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். பழையதை லேத் ஓட்டுபவரின் பையன் கேட்டு வாங்கிப் போனான். அவன் கணக்கு நோட்டு, இங்கிலீஷ் நோட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் இப்போது பேட்டன்ட் பெற்றது.