அறுபத்தோராவது பிள்ளை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். 2023 ஜூனில் எங்கள் பள்ளிக்கு மூன்றாவதாக ஒரு டீச்சர் வந்தார். அவர் வந்த பிறகுதான், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாசிக்கவே தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. போர்டில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோதுகூட, பக்கத்துப் பையன் முணுமுணுப்பதைப் பிடித்துச் சொல்லித் தப்பித்திருக்கிறான். அந்த டீச்சர் அவனைத் தனியாக வராண்டாவில் உட்காரவைத்து, அவன் எழுதிய வரியையே படிக்கச் சொன்னார். விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தான். விரல் நகரவே இல்லை. கோலம் போடுவதுபோல எழுத்துகளை வரைந்துகொண்டிருந்திருக்கிறான் பிள்ளை. இரண்டு வருஷமாக அந்த நோட்டில் சிவப்பு மையால் சரி போட்டவள் நான்.

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் வராண்டா வகுப்பு. பொங்கலுக்குள் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டான். தை பிறந்ததும், அவன் பெற்றோர் வழக்கம்போல திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பினார்கள். அவனையும் கூட்டிப்போனார்கள்.

ஜூன் வந்தது, அவன் வரவில்லை. போன் செய்தால், "சூளையில வாங்கின முன்பணம் இன்னும் கழியல டீச்சர்" என்றார் அப்பா.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். எங்களிடம் அவனைச் சேர்த்தால் 61. தொடர்ந்து வராததால் அவன் கணக்கில் வரவில்லை. ஆகஸ்டு 1 எண்ணிக்கை 60. அப்புறம் என்ன, மூன்றாவது டீச்சர் உபரி ஆனார். உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார்.

ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு. இப்போது ஒன்றும் இரண்டும் தலைமை ஆசிரியருக்கு. மூன்று, நான்கு, ஐந்து எனக்கு, ஒரே அறையில் 37 பேர். அவர் கூட்டத்துக்குப் போனால் 60 பேரும் என்னிடம்தான். போர்டைச் சாக்பீஸால் மூன்றாகப் பிரித்து எழுதிப்போட்டு, அமைதியாக எழுதுகிற பிள்ளைகளைப் புண்ணியவான்கள் என்று விட்டுவிடுவேன். அந்த அமைதிக்குள்தான் அவன் இரண்டு வருஷம் ஒளிந்திருந்தான்.

அதே 2024-25இல்தான் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பது காரணம். அதன் அரசியல் சரியா தவறா என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக எங்கள் வட்டாரப் பள்ளிகளைச் சுற்றிவரும் சிறப்புப் பயிற்றுநருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில்தான் சம்பளம். சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வந்து, பேசாத ஒரு குழந்தையோடு தரையில் உட்கார்ந்து மணி கோப்பவர், இந்த மாதம் சம்பளம் வருமா என்று எங்களிடம் கேட்கும்படி ஆனது. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்த பிறகு அவன் திரும்பி வந்தான். நான்காம் வகுப்பு. கை காய்த்திருந்தது. படித்த சொற்களில் பாதிக்குமேல் மறந்திருந்தான். வராண்டாவில் உட்காரவைக்க ஆள் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்குள் கிடைக்கும் இருபது நிமிஷத்தில் அவனுக்கு மறுபடி "மரம்", "பழம்" தொடங்கினேன்.

மார்கழிக் கடைசியில் அவன் பாட்டி பள்ளிக்கு வந்தார். "இந்தத் தடவை பையனை எங்கிட்ட விட்டுட்டுப் போகச் சொல்லிட்டேன் டீச்சரம்மா. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இங்கேயே போடுறீங்க. ராத்திரிக்கு நான் ஒரு வாய் கஞ்சி ஊத்திடுவேன். படிப்பை மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றார்.

சரி பாட்டி என்றேன்.