எந்தக் கத்தி பையில்

மார்ச் 3
வலது கையின் கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகும் என்கிறார்கள் மருத்துவமனையில். மேசையில் இரண்டு மடக்குக் கத்திகள்: ஒன்றில் ஒற்றை அலகு, மற்றதில் மூன்று. எது இனி என் பையில் இருக்கப்போகிறது என்பதை இன்றே தீர்த்தாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மார்ச் 4
மூன்றலகுக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே பிடியை இடுக்கி, அலகின் பள்ளத்தில் இடது கட்டைவிரல் நகத்தை மாட்டி இழுத்தேன். பாதியில் நகம் வழுக்கியது, ஸ்பிரிங் அலகைப் படீரென்று உள்ளே இழுத்துக்கொண்டது. இதில் பூட்டே கிடையாது. முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. முனையால் குத்தும் வேலைக்கு எடுத்தால் விரலின் மேலேயே மடங்கலாம்.

மகள் "நான் வெட்டித் தருகிறேன் அப்பா" என்றாள். ஒரு கடித உறையைப் பிரிக்கக்கூட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மார்ச் 5
வலி. தூக்கமில்லை.

மார்ச் 6
ஒற்றை அலகுக் கத்தியைக் கட்டைவிரலால் தள்ளினால் போதும், திறந்துகொள்கிறது. உள்ளிருக்கும் மெல்லிய தகடு விலகிவந்து அலகின் அடியில் நின்று பூட்டுகிறது. மூடுவதில்தான் சிக்கல். அந்தத் தகட்டை வலது கட்டைவிரல் தள்ளுவதற்கு வாகாக அமைத்திருக்கிறார்கள். இடது கையில் அதைச் சுட்டுவிரல்தான் தள்ள வேண்டும். வெகுநேரம் பழகினேன். மெதுவாக என்றாலும் மூட முடிகிறது. இன்று உறையை நானே பிரித்தேன்!

மார்ச் 8
இருந்தாலும் மூன்றலகை விட மனம் வரவில்லை. அட்டைப்பெட்டி அறுத்தால் கூர் சீக்கிரம் மழுங்கும். ஒற்றை அலகு மழுங்கினால் அன்றைக்குக் கத்தியே இல்லை. மூன்றில் ஒன்றை அட்டைக்கென்று ஒதுக்கிவிட்டால் மற்றவை கூராகவே இருக்கும். அதிலும் கூரிய முனை இல்லாமல், வெட்டும் விளிம்பு நேராக இருக்கும் அலகு எனக்கு மிகப் பிடித்தது. கட்டின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலை அதனால்தான் அறுத்தேன். தோலில் குத்திவிடும் என்ற பயமே இல்லை. (திறந்து கொடுத்தது மகள்.)

மார்ச் 9
அலகுகளின் இடுக்கில் சட்டைப்பையின் பஞ்சு. குச்சியால் தோண்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 11
இரவெல்லாம் இதே யோசனை. ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி 1890-இல் ஒரே அலகும் ஒரு மரப்பிடியுமாகத் தொடங்கியது. அலகு மடங்காமல் தடுக்கும் வளையம் 1955-இல்தான் வந்தது. அதன் பிறகும் அலகு ஒன்றுதான். சுவிஸ் ராணுவக் கத்தியை உருவாக்கிய கார்ல் எல்செனரோ 1897-இல் ஒரே பிடியின் இரு பக்கமும் கருவிகளைச் சேர்த்துப் பதிவு செய்தார். இரண்டும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. ஆகவே வரலாற்றைக் கேட்டுப் பயனில்லை, என் கையைத்தான் கேட்க வேண்டும். கை என்ன சொல்லும், அது அசைந்தால்தானே?

மார்ச் 12
கட்டு பிரிப்பதை மறுபடி தள்ளிப்போட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 13
ஒற்றை அலகு பையில் ஏறிவிட்டது. கை சரியான பிறகும் அதுவே இருக்கட்டும். அவசரத்தில் எந்த அலகு என்று தேட வேண்டியதில்லை. பூட்டு இருக்கிறது, கனமும் குறைவு. மழுங்கினால் அன்றிரவே தீட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 14
தீட்டிப் பார்த்தேன். கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகர்வதில்லை, ஒரு கை போதும். கோணம் ஏறக்குறைய 20 பாகை. தேய்த்த பக்கத்துக்கு எதிர்ப்புறம் விரலை வைத்து மெல்ல வெளிப்பக்கமாக வருடினால் பிசிறு, அதாவது தீட்டும்போது கூரின் ஓரத்தில் மடிந்து எழும் மெல்லிய உலோகம், தட்டுப்படுகிறது. அப்படியென்றால் இந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கம் நாளை.