‘பெண்’ என்று மட்டும் எழுதியிருந்த தாள்

2024 ஜூன் 14

காலை ஆறரைக்கு அமெரிக்காவிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். அங்கே இரவு ஒன்பது மணி. “வந்துடுச்சும்மா” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை, எனக்கும்தான். என்னை அங்கே அழைத்துக்கொள்ள அவர் 2023 ஏப்ரலில் 535 டாலர் கட்டிப் போட்ட ஐ-130 மனு, பதினான்கு மாதம் கழித்து ஒப்புதல் ஆகியிருக்கிறது.

அடுப்படியிலிருந்து அம்மா, “மாப்பிள்ளை என்ன சொல்றாரு? எப்போ கிளம்பணுமாம்?” என்று கேட்டார். இப்போது கிளம்ப முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. எங்கள் கல்யாணம் உண்மையானது, நான் அவர் மனைவிதான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இனி கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் போர்ட்ஸ்மத் என்ற ஊரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், படிவம், சான்றிதழ் எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகுதான் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல்.

கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழு வாரம். கல்யாணத்துக்குப் பின் நான்கு வாரம், போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது மூன்று வாரம்.

2024 ஜூலை 8

விசா கட்டணம் 325 டாலர், என்னைத் தாங்க வருமானம் இருக்கிறது என்று அவர் தரும் ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும் என்பதால் அவரே கட்டினார். எனக்கு டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம்.

பதினாறு வயதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரியும் கேட்கிறார்கள். ஆற்காட்டு வீடு, கல்லூரி விடுதி, அப்பா போன பிறகு நானும் அம்மாவும் வந்து சேர்ந்த இந்த வேலூர் சத்துவாச்சாரி வீடு. மூன்றுதான், ஆனால் மாவட்டத்தில் திணறிவிட்டேன். நான் 1994-இல் பிறந்தபோது ஆற்காடு இருந்தது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில். பாஸ்போர்ட் எடுத்தபோது அதே ஊர் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதும் ஆற்காடு அதற்குள் போய்விட்டது. வீடு அசையவே இல்லை, மூன்று தாளில் மூன்று மாவட்டம். கணினி முன்னால் உட்கார்ந்து அரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் தட்டி வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒன்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2024 ஜூலை 24

தாள்களை ஏற்றி அனுப்பியாயிற்று. போலீஸ் சான்று மட்டும் பாக்கி.

2024 ஆகஸ்ட் 20

பிசிசி என்கிற அந்தப் போலீஸ் சான்று கைக்கு வந்தது. கட்டணம் 500 ரூபாய். முன்பெல்லாம் இதற்குச் சென்னை போகவேண்டியிருந்தது. இப்போது வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் பழைய ஆற்காட்டு முகவரி இருந்ததால் போலீஸ் விசாரணைக்குப் போய், அதில் இரண்டு வாரம் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்த காவலர் வயதானவர். பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, “நல்லபடியா போய்ட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ‘போய்ட்டு வா’ என்று அவர் சொன்னது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

2024 செப்டம்பர் 5

விசா மையத்திலிருந்து இரண்டு தாள் திரும்பி வந்துவிட்டன.

ஒன்று ஆதரவு உறுதிமொழி. அவர் போன வருஷம் நடுவில் வேலை மாறினார். இடையில் நான்கு மாதம் சம்பளம் இல்லாததால் 2023 வரிக்கணக்கில் வருமானம் குறைந்துவிட்டது. இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வருஷம் குறைந்தது 25,550 டாலர் காட்டவேண்டும். கூட்டு ஆதரவாளர் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று என் பிறப்புச் சான்றிதழ். தமிழில் உள்ளது, சான்றளித்த மொழிபெயர்ப்பு இல்லை. அதைவிட முக்கியம், அதில் பெயர் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் அதைச் சரியாகப் படித்ததே இல்லை. அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது. ‘குழந்தையின் பெயர்’ என்ற இடத்தில் ஒரு கோடு, அதன் கீழே ‘பெண்’. பள்ளியில் சேர, பாஸ்போர்ட் எடுக்க, வேலைக்கு, எதற்கும் இது தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலே போதுமாக இருந்தது.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் திருத்தி அனுப்பினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகிறது கோப்பு. அந்த நினைப்பில் ராத்திரி தூக்கம் வரவில்லை.

2024 செப்டம்பர் 11

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆற்காடு போனேன்.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கப் பதினைந்து வருஷம்தான் கெடு. அது தாண்டியவர்களுக்கும் அரசு 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. இன்னும் நாலு மாதம் தள்ளிப்போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ. இதைப் படிக்கும் யாராவது மனு போட்டுவிட்டுக் காத்திருந்தால், இன்றைக்கே உங்கள் சான்றிதழை எடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் பதினான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நகராட்சியில் அந்த அம்மா 1994 பதிவேட்டை எடுத்து வந்தார். அட்டை பிய்ந்து, நூலால் தைத்த பெரிய புத்தகம். ஊதா மையில் வரிசை வரிசையாக எழுத்து. என் வரிசைக்கு மேலும் கீழும் பார்த்தேன், அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தைக்குக்கூடப் பெயர் இல்லை. “அப்பல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்தே பதிவுக்கு வந்துடும்மா. பேரு வைக்கிறது அப்புறம்தானே. யாரு திரும்பி வந்து எழுதுவாங்க?” என்றார்.

அம்மா அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்தபடி நின்றார். “முப்பதாம் நாள் பேரு வச்சோம். உங்க அப்பாதான் மூணு தடவை காதுல சொன்னாரு. இங்க வந்து சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல” என்றார். அந்த அம்மாவிடம்தான் சொன்னார், ஆனால் மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். “நீ எதுக்கும்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

விண்ணப்பம், தாமதக் கட்டணம், மதிப்பெண் பட்டியல் நகல், ஆதார் நகல், அம்மாவின் கையெழுத்து. இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மக்கன் பேடா கால் கிலோ வாங்கினோம். அப்பாவுக்குப் பிடித்தது.

2024 செப்டம்பர் 27

புதுச் சான்றிதழ் வந்துவிட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. முப்பது வயதில்.

2024 அக்டோபர் 9

நாத்தனார் வீட்டுக்காரர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் வீட்டில் நாலு பேர், என்னையும் சேர்த்து ஐந்து. அந்தக் கணக்குக்கு 45,725 டாலர் வேண்டும், அவர் சம்பளம் அதற்கு மேலேயே இருக்கிறது. இது வெறும் கையெழுத்து இல்லை. நான் அங்கே கஷ்டப்பட்டு அரசு உதவி வாங்கினால் அந்தப் பணத்தை அவரிடம் கேட்கலாம். நான் குடியுரிமை வாங்கும்வரையோ நாற்பது காலாண்டு வேலை கணக்கில் சேரும்வரையோ அந்தப் பொறுப்பு அவர்மேல் இருக்கும். போனில் நன்றி சொன்னபோது, “நீ எங்க வீட்டுப் பொண்ணும்மா, இதுக்கெல்லாம் நன்றியா” என்றார். கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த மனிதர்.

எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி அனுப்பினோம்.

2024 நவம்பர் 4

அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இனி பத்தரை மணி நேர வித்தியாசம். நான் ஆறரைக்கே எழுந்து உட்கார்ந்து, அவர் ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு மணி நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

2024 நவம்பர் 26

தாள்கள் எல்லாம் முழுமை என்று மின்னஞ்சல். இனி மும்பையில் தேதி காலியாகவேண்டும்.

2025 ஜனவரி 15

பொங்கல் முடிந்தது. தேதி வரவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். “இன்னும் இங்கதான் இருக்கியா?” என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். ஆனாலும் அடுத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அவர் போனில் முள் கத்தரிக்காய்க் குழம்பு வாசனை எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லிக் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டேன்.

2025 பிப்ரவரி 12

தேதி வந்துவிட்டது! மார்ச் 11.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. போன வாரத்தோடு கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் அங்கே போய் இறங்குகிறவர்களுக்கு நிபந்தனையோடு இரண்டு வருஷ கிரீன் கார்டுதான். பிறகு இருவரும் சேர்ந்து இன்னொரு மனு போட்டு நிபந்தனையை நீக்கவேண்டும். எனக்கு நேரடியாகப் பத்து வருஷக் கார்டு கிடைக்கும். தாமதம் கொடுத்த ஒரே கொடை.

2025 பிப்ரவரி 25

சென்னையில் மருத்துவப் பரிசோதனை. தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான் செய்யமுடியும். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசி. சின்ன வயதில் போட்ட ஊசிக்கு அட்டை எதுவும் இல்லாததால் ஒரே நாளில் மூன்று ஊசி போட்டார்கள். காட்பாடி வரும்வரை ரயிலில் கை வலித்தது.

2025 மார்ச் 11, மும்பை

அம்மாவும் கூட வந்தார். இரண்டு பேருக்கும் முதல் விமானப் பயணம். பாந்த்ரா குர்லா வளாகத்தில் வெயிலில் அம்மா வெளியே நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன்.

அதிகாரி மரியாதையாகப் பேசினார். எப்படி அறிமுகம், அவர் என்ன வேலை, கடைசியாக எப்போது வந்தார். கல்யாணப் போட்டோக்களைப் பார்த்தார், என் அப்பா எங்கே என்று கேட்டார். 2019-இல் இறந்துவிட்டார் என்றேன். பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பெயர் போன வருஷம்தான் சேர்த்திருப்பதால், சிறுவயதில் இந்தப் பெயரும் பெற்றோர் பெயரும் எழுதப்பட்ட பழைய பள்ளி ஆவணம் ஒன்று வேண்டும் என்றார். மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாக இல்லை, ‘கோ’ என்ற இனிஷியல் மட்டும்தான்.

221(ஜி) என்று போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். வெளியே வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

2025 மார்ச் 13

இணையத்தில் நிலை ‘மறுக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. 221(ஜி) கொடுத்தால் அப்படித்தான் காட்டும், கேட்டதைக் கொடுத்தால் திரும்பப் பரிசீலிப்பார்கள் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. இருந்தாலும் அந்தச் சொல்லை முதல் தடவை பார்த்தபோது கால் நடுங்கியது. யாருக்காவது இப்படி வந்தால், தயவுசெய்து தாளை முழுதாகப் படியுங்கள். கோப்பை மூடிவிடவில்லை.

2025 மார்ச் 17

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த தொடக்கப் பள்ளிக்குப் போனேன். ஆற்காட்டில் எங்கள் பழைய வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. தலைமை ஆசிரியை புதியவர், என்னைத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து, உதவிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, தரையில் பரப்பி வைத்துத் தேடினார். ஒன்றரை மணி நேரம். 1999 சேர்க்கைப் பதிவேடு கிடைத்தது.

என் பெயர். பிறந்த தேதி. அப்பா பெயர் முழுதாக, அம்மா பெயர். கடைசிக் கட்டத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’.

அப்பா கையெழுத்து.

நீலப் பேனா. ‘கோ’வின் இரட்டைக் கொம்பை மேலே நீட்டி இழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சின்னச் சுழி. அப்பா போன பிறகு வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை எல்லாம் மாற்றும்போது அவர் கையெழுத்துள்ள தாள்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தின் முன்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்.

பதிவேட்டின் நகலில் முத்திரை வைத்து, ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. “இன்னொரு நகல் வேணுமா?” என்று அவரே கேட்டார்.

2025 மார்ச் 20

சென்னையில் விசா விண்ணப்ப மையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பதிவேடு தமிழில் இருந்ததால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்தேன். இந்த முறை மறக்கவில்லை.

2025 ஏப்ரல் 9

‘வழங்கப்பட்டது.’

அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை அவர் உடனே கட்டிவிட்டார்.

2025 ஏப்ரல் 16

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். கோடைவெயில் கொளுத்துகிறது. அம்மா விசாப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், என் போட்டோவைப் பார்த்தார், சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்தார்.

அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்தார். பெயர் இல்லாத பழைய சான்றிதழை நான் தூக்கிப் போடலாம் என்றேன், கூடாது என்றுவிட்டார். புதுச் சான்றிதழ் என்னோடு வருகிறது. பள்ளிப் பதிவேட்டின் இரண்டாவது நகலை அம்மா தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

மே 4-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.