ஸ்விட்ச் ரீபூட்: பாக்கெட்டுகள் தொலைந்த இடம்

மென்பொருள் மாற்ற வேண்டிய ஸ்விட்ச் ஜோடிகள் சில எங்கள் குழுவின் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு ஸ்விட்சுக்கும் கேபிள் போகும்; ஜோடி எம்-லாக் முறையில், அதாவது சர்வருக்கு இரண்டும் ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும்படி, இயங்கும். ஒன்று ரீபூட் ஆனால் இன்னொன்று தாங்கும். வரைபடத்தைப் பார்த்தால் இழப்பே இருக்கக் கூடாது. அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவது என்று முடிவெடுத்தோம்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல சர்வர்களிலிருந்து வெளியே ஒரு முகவரிக்கு, நொடிக்கு 10 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைப் பாக்கெட்), நேரக் குறிப்போடு. வழக்கமான பிங் நொடிக்கு ஒன்றுதான். அரை நொடித் தடங்கல் அதில் அகப்படாமலே போகலாம். ஒரே சர்வரை நம்பவும் முடியாது. எந்தக் கேபிளில் பாக்கெட் போகும் என்பதை, முகவரிகளை வைத்துப் போடும் ஹாஷ் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. நாம் பார்க்கிற பிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகப் போய்க்கொண்டிருந்தால், எந்தக் குறையும் கண்ணில் படாது.

முக்கியத்துவம் குறைந்த ஜோடியில் முதலில் செய்து பார்த்தோம். ஸ்விட்ச் அணைந்தபோது இழப்பு சொற்பம்தான். லிங்க் விழுந்ததுமே சர்வர் மற்ற கேபிளுக்கு மாறிவிட்டது. திரும்ப எழுந்தபோதுதான் பிங் வரிசையாக விழுந்தது. காரணம் எளிது. சர்வர் பக்கத்துப் போர்ட்டுகள் சீக்கிரம் எழுந்து எல்ஏசிபி (கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் நெறிமுறை) பேசி முடித்துவிடுகின்றன. சர்வரும் பாதி டிராஃபிக்கை இங்கே அனுப்பத் தொடங்கிவிடுகிறது. ஸ்விட்சோ மேலே ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்ற வழி பரிமாறும் நெறிமுறைகளில் அண்டைகளிடம் இன்னும் வழி கேட்டுக்கொண்டிருக்கிறது. சமையல் முடியுமுன் பந்திக்கு இலை போட்ட கதை.

தீர்வு, சர்வர் பக்கத்துப் போர்ட்டுகளைத் தாமதமாக எழ வைப்பது. எம்-லாக் தரும் பெரும்பாலான ஸ்விட்சுகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதிலுள்ள இயல்பு மதிப்பை அப்படியே விடாமல், வழிகள் முழுவதும் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்விட்சின் பதிவுகளில் பார்த்து, அதற்கு மேல் தாராளமாக வைத்தோம். மேலிருந்து வரும் டிராஃபிக்குக்கும் இதே நோய் உண்டு. ஓஎஸ்பிஎஃப் முந்திக்கொண்டு எழுந்து, பிஜிபி தயாராகும் முன்பே பாக்கெட்டுகளை இழுத்துவிடும். எழுந்ததும் சிறிது நேரம் தன் லிங்குகளின் செலவு மதிப்பை (குறைந்ததே விரும்பப்படும்) உச்சமான 65535 என்று அறிவிக்க ஸ்விட்சிடம் சொன்னால், வேறு வழி இருக்கும்வரை மற்றவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

அணைப்பதற்கு முன்பும் இதையே செய்தோம். பிஜிபியில் 65535:0 என்ற கம்யூனிட்டியை (வழியோடு போகும் அடையாளக் குறி) ஒட்டி வழிகளை அறிவித்தோம். 2018-ல் வந்த இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 8326 சொல்லும் முறை இது. அதை மதிக்கும்படி அமைத்த அண்டைகள் அந்த வழிக்குக் கடைசி இடம் கொடுத்துவிடும். அப்புறம் போர்ட் கவுன்ட்டர்களைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான். எண்ணிக்கை நின்றதும் ரீபூட்.

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (ஸ்விட்ச் திரும்பும்வரை அண்டைகள் பழைய வழிகளையே வைத்திருக்கும் வசதி) போட்டால் போதாதா என்று குழுவில் கேள்வி வந்தது. வழிகளைக் கணக்கிடும் பகுதியான கன்ட்ரோல் பிளேன் மட்டும் விழுந்து, சிப் தொடர்ந்து பாக்கெட்டுகளை அனுப்பும்போது அது அருமையான வசதி. எங்கள் மாற்றத்தில் சிப்பே ரீசெட் ஆகிறது. நடுவில் வேறொரு கருவி இருந்து லிங்க் விழுவது தெரியாமல் போனால், அண்டை ரூட்டர் பழைய வழியை நம்பிச் செத்த பெட்டிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பல கருவிகளில் அந்தக் காத்திருப்பு 120 நொடி. அதனால் இந்த வேலைக்கு அதை நம்பவில்லை.

ஒற்றைக் கேபிளில் தொங்கும் கருவிகளுக்கு இந்த உபாயம் எதுவும் உதவாது. அங்கே சோனிக் போன்ற ஸ்விட்ச் மென்பொருளில் உள்ள வார்ம் ரீபூட்தான் கதி: சிப் ஓடிக்கொண்டே இருக்க, மேலே மென்பொருள் மட்டும் மாறும். ஆனால் அந்த ஸ்விட்சில் எல்ஏசிபி பேசும் இணைப்புகள் 30 நொடிக்கு ஒருமுறை பேசும் மெதுவான முறையில் இருக்க வேண்டும். மூன்று தவறினால், அதாவது 90 நொடியில், எதிர்முனை லிங்கைக் கைவிட்டுவிடும். வேகமான முறையில் இந்த அவகாசம் வெறும் 3 நொடி. வார்ம் ரீபூட் வசதி இல்லாத ஸ்விட்சுகளில், கருவி மாட்டிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக (பின்னால் வேறு ஸ்விட்ச் இல்லாத போர்ட்) அறிவித்தோம். வலையில் சுழற்சியைத் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீயின் 15 + 15 நொடிக் காத்திருப்பாவது மிச்சம். பூட் ஆகும் நேரம் போகத்தான் செய்யும். அதைப் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

முக்கியமான ஜோடியில் இதே வரிசையில் செய்தபோது, ரீபூட்டின் இரு முனையிலுமாகச் சேர்ந்து ஓரிரு பிங் மட்டுமே விழுந்தன.