ஷோங்காவரின் பேயும் என் செப்புத் தகடும்

மூன்று வாரமாக உள்ளங்கை அகலச் செப்புத் தகடு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் மார்ட்டின் ஷோங்காவர் செப்பில் செதுக்கி அச்செடுத்த 'புனித அந்தோணியாரின் சோதனை' படத்தில் துறவியை அந்தரத்தில் பிடித்து இழுக்கும் பேய்களில், செதிலும் முள்ளுமாக இருப்பதை மட்டும் நகலெடுக்க ஆசை. முழுப் படம் ஏறக்குறைய 31 செ.மீ. உயரம், அதைத் தொடத் தைரியமில்லை. சிறுவன் மைக்கேலாஞ்சலோ இதே படத்தை வண்ணத்தில் செய்தபோது விசித்திரச் செதில் உள்ள மீன்களாகத் தேடி வாங்கினான் என்று ஓவியர்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்த வசாரி எழுதியிருக்கிறார். நானும் ஒரு மீன் வாங்கி, போட்டோ எடுத்துவிட்டுத்தான் குழம்புக்குக் கொடுத்தேன்.

பேனாவை இழுத்தே பழகிய கைக்குச் செதுக்குளியைத் தள்ளுவது ஒத்துவரவில்லை. முதல் நாளே உளி வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது, தகட்டிலும் நீளமாக ஒரு கீறல். வளைகோட்டுக்கு மணிக்கட்டைத் திருப்பியதுதான் தப்பு. உளி பிடித்த கை அசையாமல் முன்னே தள்ள, தோல் மணல் பையின் மேல் இருக்கும் தகட்டை மறு கை மெதுவாகச் சுழற்ற வேண்டும். இது பிடிபடவே எட்டு நாள் ஆனது. ஷோங்காவர் கோல்மார் ஊர்ப் பொற்கொல்லர் காஸ்பரின் மகன், உலோகம் அறுக்கும் சத்தத்திலேயே வளர்ந்திருப்பார். அவர் கோடு மெலிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, முடி போல முடிகிறது. என்னுடையது தொடங்கிய இடத்திலேயே குழி. பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்திருந்தால் என்று தோன்றும், ஆனால் அது செதுக்கோவிய மேதை டியூரருக்கே வாய்க்கவில்லை: 1492-இல் அவர் கோல்மார் போய்ச் சேர்ந்தபோது ஷோங்காவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

சரி, அச்சு. கோட்டோரப் பிசிறுகளைச் சுரண்டியால் எடுத்து, மை தடவி, மஸ்லின் துணியால் துடைத்து, ஈரத் தாள் வைத்து உருளைக்குள் விட்டேன். துடைத்தது அதிகம் போல, கோட்டுக்குள் இருந்த மையும் போய்ச் செதில்கள் சாம்பலாக வந்தன. அந்தப் பழைய கீறல் மட்டும் கன்னங்கரேல். அதைவிட மோசம், துறவியைப் பார்க்க வேண்டிய பேய் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. படத்தை அப்படியே தகட்டில் எடுத்தால் அச்சில் இடவலம் மாறும் என்பது தெரிந்தும் மறந்துவிட்டேன்.

இரண்டாவது தகட்டுக்குப் படத்தைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தாயிற்று. விரல் பிளாஸ்திரி கழன்றதும் வாலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.