அ.சா.1

நான் செப்பனிட்ட ஒரு நாவலின் கோர்ட் அத்தியாயத்தை அப்படியே விட்டிருக்கக் கூடாது என்கிறார் ஒரு நண்பர். விட்டதுதான் சரி என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் நாவலை மட்டும் படித்தவர்கள்.

எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய ஆச்சியின் அப்பா 1920களில் ஒரு கொள்ளைக் கொலை வழக்கில் மாட்டியவர். வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது ஒரே வரிதான்: "ஜெயில்ல கிடந்தாரு, கேசு முடிஞ்சதும் விட்டுட்டாங்க." அந்த ஒரு வரிதான் முந்நூறு பக்க நாவலாக வந்திருந்தது. சம்பவம் நடந்த இரவில் நாயகன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கூட்டாளி ஒருவன் பொய்யாக மாட்டிவிடுகிறான். வக்கீல் குறுக்கு விசாரணையில் போலீஸைக் கிழிக்கிறார். விடுதலை.

பிரதி செப்பனிடுவது என் வேலை. கொலை வழக்கு என்றால் கொஞ்சம் தேடிப் பார்ப்பேன். ஜில்லா கோர்ட் கட்டுகள் இத்தனை காலம் கிடக்காது. ஆனால் 1898ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவுப்படி, செஷன்ஸ் ஜட்ஜ் தூக்குத் தண்டனை விதித்தால் ஹைகோர்ட் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. அதனால் அப்படிப்பட்ட வழக்குகளுக்குச் சென்னையில் ஏதாவது ஒரு தடம் மிஞ்சும். வக்கீல் நண்பர் ஒருவரின் அலமாரியில் இருந்த பழைய சட்ட சஞ்சிகைத் தொகுப்பில் தீர்ப்பு கிடைத்தது. பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் பொருந்தின. ஆனால் அவர் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இல்லை, சாட்சிகள் பட்டியலில் இருந்தது. அரசுத் தரப்பு முதல் சாட்சி, அ.சா.1. அப்ரூவர், அதாவது மன்னிப்பு பெற்றுக்கொண்டு கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்.

கொல்லைப்புறக் கதவருகே தான் நின்றதாக அவரே சொல்கிறார். நகையைப் புதைத்த இடத்தையும் காட்டியிருக்கிறார். அந்தச் சாட்சியத்தின் பேரில் இரண்டு பேருக்குத் தூக்கு. ஒருவர் அதே ஊர்.

அப்ரூவரை 337ஆம் பிரிவுப்படி வழக்கு முடியும்வரை காவலில்தான் வைப்பார்கள், முடிந்ததும் விடுவார்கள். எதையாவது மறைத்தால் 339இன் கீழ் மன்னிப்பு போய்விடும், பழைய குற்றத்துக்கே விசாரணை வரும். அப்படியென்றால் குடும்பம் பொய் சொல்லவில்லை. ஜெயிலில் கிடந்தார், கேஸ் முடிந்ததும் விட்டார்கள். ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. ஆஷ் கொலை வழக்கைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி, வாஞ்சிநாதன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதிலும் அப்ரூவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நாவலாசிரியருக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், ஒரு தீர்ப்பு கிடைச்சிருக்கு" என்றேன்.

"தெரியும்லா தம்பி" என்றார்.

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் கேட்டேன், "தெரிஞ்சுமா சார் இப்படி எழுதினீங்க?"

"ஆச்சி கோயிலுக்குச் சுத்திப் போவான்னு எழுதியிருக்கேன்லா, அத வெட்டச் சொன்னீங்களே."

எழுதியிருந்தார். நேர் தெருவில் நாய் கிடக்கிறது என்று சொல்லி ஆச்சி தினமும் மேலத் தெரு சுற்றிக் கோயிலுக்குப் போவாள். ஆச்சி பாத்திரத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று நான் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தேன். நேர் தெருவில் இருந்தது தூக்கில் போனவரின் வீடு.

"அந்த வீட்டு ஆளுங்கதான் இன்னைக்கும் எங்க வயலைக் குத்தகைக்குப் பாக்காங்க. நல்லது கெட்டதுக்கு வந்து நிக்காங்க. அவங்க வீட்டுல என்ன சொல்லிக்கிடுதாங்கன்னு நான் கேட்டதில்ல தம்பி. கேக்கவும் மாட்டேன்."

அப்ரூவர் கதையை எழுதினால் இதைவிடப் பெரிய நாவலாக வரும் என்று அவரிடம் சொன்னேன். அதில் சந்தேகமே இல்லை, இப்போதும் சொல்வேன். ஆனால் அப்படிச் சொன்னது உண்மைக்காகவா, நல்ல நாவல் ஒன்று கைக்கு வருகிறதே என்ற ஆசையாலா என்றால் எனக்குப் பதில் தெரியாது. அவர் மறுத்ததும் நான் வற்புறுத்தவில்லை. வயல் அவருடையது, ஊர் அவருடையது. புத்தகம் வந்த பிறகு அங்கே போய் நிற்கப்போவது நானில்லை.

ஒன்றை மட்டும் விடவில்லை. நாவலில் கூட்டாளி பொய்யாக மாட்டிவிடுகிறான் இல்லையா, அந்தக் கூட்டாளி அதே ஊர்க்காரன், தூக்கில் போகிறவன். செத்தவர் மேல் இதையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டார். இரண்டு பக்கம் போயிற்று, பழி மொத்தமும் போலீஸ் மேல் விழுந்தது. சில சமயம் அதை நினைத்துத் திருப்தியாக இருக்கிறது. சில சமயம், செய்ததெல்லாம் அவ்வளவுதானே என்றும் இருக்கிறது. 1957க்கு முன்னால் நயா பைசா கிடையாது, அணாவாக மாற்றுங்கள் என்று அதே அத்தியாயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவன் நான்.

நாவல் என்றால் நாவல், ஆவணம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மதிப்புரைகளில் அந்தக் கோர்ட் அத்தியாயத்தைத்தான் "ஆவணத் துல்லியம்" என்று பாராட்டினார்கள். ஆச்சி சுற்றிப் போகும் பகுதியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதை வெட்டாமல் வைத்துவிட்டேன்.

இப்போது இரண்டாம் பதிப்புக்கு வேலை நடக்கிறது. திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதியிருந்தேன். நாலைந்து எழுத்துப்பிழைகளைக் குறித்து அனுப்பியிருக்கிறார், ஒரு அணாக் கணக்கும் தப்பாம். தீர்ப்பின் நகல் வேண்டுமா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.